பின்னணியில் ஓடும் புரட்சி

கூத்தங்கரை மறியல் காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்கு வெற்றி பெற்றது. அந்தச் செய்தியை மறியலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தாசில்தார் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

நாகூர் போகிற சாலையில் குறுக்கே உட்கார்ந்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். முன்வரிசையில் இராஜாங்கம். அவர் தலைவர் ஒன்றும் இல்லை. ஊரிலேயே அவருடைய வயல்தான் பள்ளம். மழைத் தண்ணீர் முதலில் அவரிடம் வரும், கடைசியில்தான் அவரை விட்டுப் போகும். இந்த ஐப்பசியில் வந்த தண்ணீர் போகவே இல்லை. நட்டு முப்பத்தைந்து நாளான சம்பாப் பயிர் மூன்று நாளாக முழுகிக் கிடந்தது. நுனி மட்டும் எலிவால் மாதிரி வெளியே தெரிந்தது. ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர், கோயில் குத்தகை. அவருடைய அப்பா அதே வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அந்த மண்ணில் தன் பெயருக்குப் பயிர் வைத்த முதல் ஆள் அவர் குடும்பத்தில் இராஜாங்கம்தான்.

தண்ணீர் ஏன் போகவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கான்ட்ராக்டர் வைத்தியலிங்கம் தன் புதுக் கல்யாண மண்டபத்துக்கு வழி வேண்டும் என்று வடிகால் வாய்க்காலுக்குக் குறுக்கே பன்னிரண்டடி அகலத்துக்குச் செம்மண் அடித்திருந்தார். அடியில் ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. அந்த மண்ணை எடுக்கப் பொக்லைனுக்கு அரைமணி நேரம் போதும்.

தாசில்தார் மங்களாம்பிகை ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"எல்லாரும் எந்திரிங்க. உங்க போராட்டம் ஏத்துக்கப்பட்டாச்சு."

இராஜாங்கம் எழுந்து கும்பிட்டார். "மண்ண எடுத்துருவீங்களா மேடம்?"

"மண்ணப் பத்தி யாருங்க பேசுனா? போராட்டம் ஏத்துக்கப்பட்டிருக்குன்னுதானே சொன்னேன்?"

பிறகு அவர் விளக்கினார். தஞ்சாவூர் புறவழிச் சாலையில் அறநுட்பப் புரட்சி மையம் என்று ஒன்று இருக்கிறது. போன மாதம் அதனோடு தாலுகா நிர்வாகத்துக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. இனிமேல் இந்தப் பக்கத்துப் போராட்டங்கள் எல்லாவற்றையும் அந்த மையமே நடத்திக் கொடுக்கும். "மறியல், முற்றுகை, உண்ணாவிரதம் எல்லாம் பழைய முறை. பஸ் நிக்குது. ஆம்புலன்ஸ் நிக்குது. எல்லாத்துக்கும் மேல நான் அறிக்கை எழுத வேண்டியிருக்கு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றிருந்தது. மின்சாரக் கார் என்பதால் அது வந்தது யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து நெடுமாறன் இறங்கினார். கதர்ச் சட்டை, காதில் வெள்ளைக் கருவி. வெளிநாட்டில் பதினெட்டு வருடம் இருந்தவர். பொருளைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைத் திரும்ப வந்து வாங்க வைக்கும் மென்பொருள் எழுதுவது அங்கே அவருடைய வேலை. ஒருநாள் அந்த ஊரில் ஏதோ ஊர்வலம் போனதால் அவர் கார் நாற்பது நிமிடம் நின்றுவிட்டது. அந்த நாற்பது நிமிடத்தில் அவருக்குத் தத்துவம் பிறந்தது. அதை நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி, ஊர் திரும்பி, மையம் தொடங்கினார்.

நெடுமாறன் சாலையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நான் ஒரு புரட்சிக்காரன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் உலகத்தில் இதுவரை நடந்த புரட்சிகள் எல்லாவற்றிலும் ஒரு பெரிய குறை உண்டு. அவற்றில் மக்கள் கலந்துகொண்டார்கள். சத்தம் வந்தது அதனால்தான், ரத்தம் வந்ததும் அதனால்தான். என் தத்துவத்தில் புரட்சி பின்னணியில் ஓடும். செல்போன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது அல்லவா, அதுபோல. நீங்கள் தூங்கி எழுந்தால் சமுதாயம் மாறியிருக்கும்."

"தண்ணி வடிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் வேம்பு. இராஜாங்கத்தின் மனைவி. அந்த ஒன்பது மாவையும் பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு நட்டவள்.

"தண்ணீர் ஒரு வெளிப்பாடு அம்மா. நான் வேரைப் பற்றிப் பேசுகிறேன்."

"நானும் அதத்தாங்க சொல்றேன். வேரு அழுவுது."

நெடுமாறன் நெகிழ்ந்துபோனார். பக்கத்தில் நின்ற மையத்தின் ஒருங்கிணைப்பாளர் கவிப்ரியாவிடம், "குறித்துக்கொள். வேர் அழுகிறது. என்ன ஒரு கவித்துவம்!" என்றார். கவிப்ரியா கையிலிருந்த டேப்லெட்டில் அதை 'மக்கள் கவிதை' என்ற தலைப்பின் கீழ் ஏற்றினாள்.

அன்று மாலைக்குள் இராஜாங்கத்தின் மணிக்கட்டில் ஒரு காப்பு ஏறியது. நாடித்துடிப்பை எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பும் ரப்பர் காப்பு. பள்ளத்து வயல்காரர் என்பதால் ஊர் சார்பில் புகார்தாரராக அவரைப் பதிவு செய்திருந்தார்கள். கவிப்ரியா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"எண்பத்தி நாலுக்கு மேல போச்சுன்னா நீங்க கோபமா இருக்கீங்கன்னு அர்த்தம் ஐயா. கோபத்துல குடுக்கற புகார நாங்க எடுக்கறதில்ல. மூணு நாள் ஆற வச்சு அப்புறமாத்தான் பாப்போம்."

"கோவப்படல தாயி. அமைதியாவே இருக்கேன்."

"ரொம்பவும் அமைதியாயிடக் கூடாது. எழுபத்தி ஆறுக்குக் கீழ போனா உங்களுக்குப் பெருசா பிரச்சினை இல்லைன்னு சிஸ்டம் எடுத்துக்கும். புகார் கடைசிக்குப் போயிடும்."

"அப்ப எப்புடித்தான் இருக்குறது?"

"எண்பதுல இருங்க."

இராஜாங்கம் எண்பதில் இருக்க முயன்றார். வரப்பில் போய் நின்றால் தொண்ணூறைத் தாண்டியது. வயலைப் பார்க்காமல் வீட்டில் படுத்தால் எழுபத்திரண்டுக்கு இறங்கியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தால் எண்பது வந்தது. ஒன்றரை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். சோற்றை வேம்பு அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னய்யா இது, கல்யாண மாப்புள மாதிரி கையில கட்டிக்கிட்டு?"

"பேசாத புள்ள. ஏறுது."

இரண்டாம் நாள் மதியம் பொக்லைன் வந்தது. இராஜாங்கத்துக்குக் காப்பே மறந்துவிட்டது. எழுந்து ஓடினார். பொக்லைன் ஓட்டிவந்த சித்தீக் நாகூர்க்காரர், தெரிந்த முகம். வண்டி செம்மண் கரையிலிருந்து எட்டடி தள்ளி நின்று பள்ளம் தோண்டத் தொடங்கியது. தண்ணீர் அளக்கும் கருவிக்குக் கம்பம் நட வேண்டுமாம்.

"தம்பி, அப்புடியே கைய இந்தப் பக்கம் திருப்பி நாலு வாரு வாரிவிட்டுருய்யா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

சித்தீக் தயங்கினார். வாரியைப் பாதி தூரம் திருப்பியும்விட்டார். நெடுமாறன் குடையோடு ஓடிவந்து மறித்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"உடைப்பது என் தத்துவத்தில் இல்லை! ஒரு கரையை உடைத்தால் ஒரு வைத்தியலிங்கத்தைத்தான் வெல்லலாம். அளந்தால் எல்லா வைத்தியலிங்கங்களையும் அளக்கலாம்."

கம்பம் நட்டார்கள். அதன் உச்சியில் ஒரு சூரியத் தகடு, கீழே ஒரு பச்சை விளக்கு. வயலில் நாற்பத்தோரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்பதை அன்று முதல் உலகத்தில் யார் வேண்டுமானாலும் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். பார்த்தார்கள். முதல் நாளே ஆறாயிரம் பேர் பார்த்து, அதில் நாலாயிரம் பேர் இதயக்குறி போட்டிருந்தார்கள். "உங்கள் துயரம் இன்று தனிமையில் இல்லை" என்று நெடுமாறன் இராஜாங்கத்தின் தோளைத் தட்டினார்.

ஆறாம் நாள் காலை சமநோக்கு அமர்வு. இரு தரப்பும் மற்றவர் கண்ணால் உலகத்தைப் பார்க்கும் நிகழ்ச்சி. நடந்த இடம் வைத்தியலிங்கத்தின் கல்யாண மண்டபம். ஊரில் ஏசி இருந்த ஒரே கூடம் அதுதான். அவர்தான் மையத்தின் புரவலர் என்பதும் மேடையில் கட்டியிருந்த பேனரைப் படித்தபோதுதான் இராஜாங்கத்துக்குத் தெரிந்தது.

இரண்டு பேருக்கும் முகத்தை மூடும் பெரிய கண்ணாடி மாட்டினார்கள். வைத்தியலிங்கத்தின் கையிலும் ஒரு காப்பு ஏறியது. வைத்தியலிங்கத்துக்கு முழுகிய வயல் காட்டப்பட்டது.

"அடடா! இத்தன நாளா நான் பாக்கவே இல்லியேப்பா. கேரளா மாதிரில்ல இருக்கு!" என்றார் அவர். அவருடைய நாடி எழுபத்தொன்பது. கவிப்ரியா பாராட்டினாள்.

இராஜாங்கத்துக்கு மண்டபத்தின் கஷ்டம் காட்டப்பட்டது. வழி இல்லாததால் ஒரு மணப்பெண் பட்டுப்புடவையோடு வாய்க்காலில் இறங்கி, சேற்றில் செருப்பைத் தொலைத்து அழுதாள். இராஜாங்கத்துக்குப் பெண் குழந்தை இல்லை. ஆனாலும் மனசு கஷ்டப்பட்டது. "பாவம், யாரு வூட்டுப் புள்ளையோ" என்றார்.

மூன்றாவதாகத் தீர்வு. கண்ணாடிக்குள் செம்மண் கரை சத்தமில்லாமல் கரைந்தது. தண்ணீர் வடிந்தது. பயிர் நிமிர்ந்தது, கண் முன்னாலேயே வளர்ந்தது, பொதி கட்டியது, கதிர் வாங்கியது, பழுத்துச் சாய்ந்தது. இராஜாங்கம் நாற்காலியிலிருந்து கையை நீட்டி ஒரு கதிரைப் பிடிக்கப் பார்த்தார். கை காற்றில் அலைந்தது. அவர் அழுதுவிட்டார். நாடி சரியாக எண்பது.

கூடத்தில் ஒரு மணி அடித்தது. "உங்கள் குறை தீர்ந்தது" என்று ஒரு பெண் குரல் அறிவித்தது. கண்ணாடியைக் கழற்றினார்கள். கையிலிருந்த காப்பும் தானே திறந்துகொண்டது.

இது இப்படி இருக்க, இந்த அமர்வு நடந்த மூன்று மணி நேரமும் வேம்பு சும்மா இருக்கவில்லை. அவளோடு நட்ட பதினோரு பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள், அதிகாரிகள், போலீஸ்காரர் இருவர் என்று எல்லோரும் மண்டபத்துக்குள் ஏசியில் இருந்தார்கள். கரையின் நடுவில் இரண்டடி அகலத்துக்கு வெட்டியதுதான் பெண்கள் செய்த வேலை. மீதி வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த இராஜாங்கம் நிஜமாகவே தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். கண்ணாடி இன்னும் முகத்தில் இருக்கிறதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டார். வேம்பு இடுப்பளவு சேற்றோடு கரைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள பண்ணுன?"

"நாத்து நட்ட கை. சும்மா இருக்க மாட்டேங்குது."

மறுநாள் மையம் ஓர் அறிக்கை விட்டது. ஒரு சொட்டு ரத்தமோ ஒரு சொட்டு வியர்வையோ சிந்தாமல், பரஸ்பரப் புரிதலின் வலிமையால் மட்டுமே நாற்பத்தோரு சென்டிமீட்டர் தண்ணீர் வடிந்தது என்று அதில் இருந்தது. மண்வெட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினோரு பெண்களும் சிரித்தார்கள். யாருக்கும் கோபம் இல்லை, பயிர் பிழைத்ததே போதும். இலை மஞ்சளித்திருந்தது, ஆனால் வேர் பிடி விடவில்லை. பத்து நாளில் குருத்துவிட்டு மறுபடி பச்சை கட்டியது. இராஜாங்கம் இப்போது வயலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.

பதினோராம் நாள் நெடுமாறனின் கார் வந்து நின்றது. அன்று மாலையே தாலுகா அலுவலகத்துக்கு வரச்சொல்லி வேம்புவுக்கும் பதினோரு பேருக்கும் ஓலை.

விஷயம் இதுதான். மையத்துக்கு உதவும் வெளிநாட்டு அமைதி நிதியம் ஒன்றின் தலைவர் கார்த்திகைக் கடைசியில் வருகிறார். புரட்சி நடப்பதை நேரில் பார்ப்பது அவர் திட்டம். புரட்சியோ முன்கூட்டியே நடந்துவிட்டது.

"அவர் எதைப் பார்ப்பார்?" என்று கேட்ட நெடுமாறனின் குரலில் உண்மையான வேதனை இருந்தது. "சாதாரணமாக ஒரு பச்சை வயல். இதைப் பார்க்க அவர் அவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டுமா?"

மங்களாம்பிகை கோப்பைத் திறந்தார். "மண்டபத்துக்குப் போற வழிய அனுமதி இல்லாம வெட்டியிருக்கீங்க. பழைய நிலைக்குக் கொண்டு வரணும்."

"அந்த வழியவே அனுமதி இல்லாமத்தானே மேடம் போட்டாரு?" என்றார் இராஜாங்கம்.

"அது முன்னாடி நடந்தது. முன்னாடி நடந்தா அதுக்குப் பேரு நிலவரம். பின்னாடி நடந்தாத்தான் குற்றம்."

பன்னிரண்டு பெண்கள் மேலும் வழக்கு இல்லை. தத்துவம் தண்டனையை ஏற்காது. அதற்குப் பதிலாக மென்மைப் பயிற்சி. தினமும் விடியுமுன் வேன் வந்து அவர்களைத் தஞ்சாவூருக்கு ஏற்றிக்கொண்டு போகும், இருட்டியபின் கொண்டுவந்து விடும். அங்கே பாயில் உட்காரவைத்து விரல்களைத் தளர்த்தச் சொல்லிக் கொடுத்தார்கள். "நாம் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் துன்பம்" என்றது ஒலிபெருக்கி. "புடிச்சிருந்தது மம்முட்டி. அத நீங்கதான் வாங்கி வச்சிருக்கீங்க" என்றாள் வேம்பு. அவளுக்கு மட்டும் பயிற்சியை ஒரு வாரம் கூட்டினார்கள்.

சித்தீக் வந்து வாய்க்காலை அடைத்தார். இராஜாங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. "மாட்டேன்னா இன்னொருத்தன் வந்து அடைப்பாண்ணே" என்று மட்டும் சொன்னார். மழை விட்டிருந்தது. ஆகவே ஆற்றிலிருந்து தண்ணீர் இறைக்க மூன்று மோட்டார்கள் வந்தன. ஆனி மாதத்தில் நாற்றங்காலுக்கு ஒரு மோட்டார் கேட்டு அந்த ஊரே அலைந்தது. அப்போது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் தண்ணீரை உடனே திறந்துவிடவில்லை. இராஜாங்கத்தின் கையில் மறுபடி காப்பு ஏறியது. காப்பு போடாவிட்டால் வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் வராது என்றார்கள். டேப்லெட்டை அவர் முன் நீட்டினாள் கவிப்ரியா.

"உங்க வயல் ஐயா. உங்க சம்மதம் இல்லாம ஒரு சொட்டு விட மாட்டோம்."

"சம்மதம் இல்ல தாயி."

காப்பு நூற்று நான்கு காட்டியது. "இப்ப நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க. இந்தப் பதில சிஸ்டம் எடுத்துக்காது. வெயிட் பண்றோம்" என்றாள்.

அவர்கள் காத்திருந்தார்கள். இராஜாங்கம் "வேண்டாம்" என்றார். "வேண்டாங்க" என்றார். வயலில் இறங்கிக் குறுக்கே நின்றார். யாரும் அவரைத் தொடவில்லை. அவர் திட்டியபோது நெடுமாறன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பதினொரு மணிக்குத் தொண்டை கட்டியது. பன்னிரண்டுக்குக் கால் ஓய்ந்தது. வரப்பில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. நாடி மெல்ல இறங்கியது. தொண்ணூறு, எண்பத்தாறு, எண்பத்துமூன்று. எண்பதில் டேப்லெட்டில் ஒரு பச்சை அடையாளம் விழுந்தது. மூன்று மோட்டார்களும் ஒன்றாக உறுமின.

"மௌனம் சம்மதம் என்று நம் முன்னோர்களே சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அதை மென்பொருளாக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்" என்றார் நெடுமாறன்.

பயிர் வளர்ந்திருந்ததால் நாற்பத்தோரு சென்டிமீட்டர் போதவில்லை. வரைபடத்திலும் அது எடுப்பாக இல்லையாம். அறுபது வரை ஏற்றினார்கள். இந்தத் தடவை நுனியும் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் அப்படியே நின்றது. வேன் போகையிலும் திரும்பி வருகையிலும் இருட்டாகவே இருக்கும் என்பதால் வேம்பு அதைப் பார்க்கவில்லை. கேட்டாள். இராஜாங்கம், "பரவால்ல" என்று பொய் சொன்னார். ஐந்தாம் நாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். காற்று வீட்டுப் பக்கம் திரும்பி அழுகல் வாடையைக் கொண்டுவந்திருந்தது.

நிதியத் தலைவர் வெள்ளை முடியும் மென்மையான கண்களும் கொண்ட முதியவர். கரையோரம் பந்தல் போட்டு நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி மாட்டியிருந்தார்கள். பயிற்சி முடித்த பன்னிரண்டு பெண்களையும் ஒரே நிறப் புடவையில் நிறுத்தியிருந்தார்கள். வைத்தியலிங்கம் விருந்தினருக்குச் சந்தன மாலை போட்டார். மங்களாம்பிகை, தன் எல்லைக்குள் எட்டு வாரமாக ஒரு பஸ்கூட நிற்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

நெடுமாறன் பேசினார். "இந்த எளிய மனிதரைப் பாருங்கள். இவர் கையில் கத்தி இல்லை, கொடி இல்லை. ஒரு விரல் மட்டும் இருக்கிறது. அந்த விரலை எப்போது அசைக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்."

இராஜாங்கத்தின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தார்கள். சித்தீக்கின் பொக்லைன் கரையை நான்கு வாரு வாரியது. தண்ணீர் புரண்டு ஓடியது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். விருந்தினர் கண்கலங்கினார்.

அரைமணி நேரத்தில் வயல் தெரிந்தது. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. கறுத்து, சேற்றோடு சேறாகப் படுத்துக் கிடந்தது. அதுவரை தண்ணீர் பாதி அடக்கி வைத்திருந்த நாற்றம் ஒரே மூச்சாகப் பந்தலுக்குள் ஏறியது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

விருந்தினர் மட்டும் மூக்கை மூடவில்லை. இராஜாங்கத்தின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். இது என்ன மணம் என்று கேட்கிறார் என்றாள் கவிப்ரியா.

"பயிரு அழுவுன நாத்தம்னு சொல்லு தாயி. நாங்க நட்ட பயிரு. செத்துப்போச்சு."

கவிப்ரியா நெடுமாறனைப் பார்த்தாள். பிறகு மொழிபெயர்த்தாள். மண் வாசனை என்கிறார்.

விருந்தினர் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

இராஜாங்கம் வயலில் இறங்கினார். குனிந்து ஒரு குத்தைப் பிடித்தார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, வேரில்லாமல் கையோடு வந்தது. சொட்டச் சொட்ட எடுத்துவந்து விருந்தினரின் முகத்துக்கு நேரே நீட்டினார். இதற்கு மேல் இதை மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று அவர் நினைத்தார்.

விருந்தினர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெள்ளைச் சட்டையோடு மார்பில் அணைத்துக்கொண்டார். பந்தல் மறுபடி எழுந்து நின்று கைதட்டியது. இருவரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப் புகைப்படக்காரர்கள் கத்தினார்கள்.

வேம்பு வரிசையிலிருந்து வெளியே வந்தாள். "வாய்யா போவலாம்" என்று இராஜாங்கத்தின் முழங்கையைப் பிடித்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததற்கு மாறாக, இறுகப் பிடித்திருந்தாள். இருவரும் வரப்பில் இறங்கி நடந்தார்கள்.

விருந்தினருக்குக் கை கழுவ மண்டபத்தில் வெந்நீர் தயாராக இருந்தது.